கோழிக்குக் கீழே வெந்த கேக்

எங்கள் வீட்டு ஓவனைத் திறப்பவர்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். நான் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லவில்லை. அதன் அடியில் கருகிய கொழுப்பு தார் மாதிரி படிந்திருக்கும். அதன்மேல் ரொட்டித் தூள், அதன்மேல் மறுபடி கொழுப்பு. ஒருமுறை கரண்டிக் காம்பால் சுரண்டிப் பார்த்தேன். கரப்பான்பூச்சியின் கால் ஒன்று வந்தது. கால் மட்டும்தான். மீதிக் கரப்பான் எந்த ரொட்டியோடு ஒட்டிக்கொண்டு யார் வயிற்றுக்குள் போனதோ, யாருக்குத் தெரியும்? சீ!

"மாமா, ஒருநாள் இதை நல்லா தேய்ச்சுக் கழுவிடலாமா?" என்று என் மாமனாரிடம் கேட்டேன்.

"பழகின ஓவன்மா அது. கழுவினா ருசி போயிடும்" என்றார் அவர். சொல்லிவிட்டு ஏதோ பெரிய தொழில் ரகசியத்தைச் சொன்னது போலக் கண்ணை வேறு சிமிட்டினார்.

அந்த ஓவன்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்து அறையில் அது நின்றது. கேஸில் எரிவது, ஆள் மார்பு உயரம். மாமனார் அதில் ரொட்டி போடுவார். என் ஓரகத்தி, அதாவது மூத்த மருமகள், முழுக்கோழி சுட்டு விற்பாள். இளைய மருமகளான நான் கேக் செய்வேன். ஓரகத்தியின் கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளைவிட வழியில் இருக்கும் நாள்தான் அதிகம். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடைகடையாகப் போடுவார்.

ஓவனுக்குள் மூன்று கம்பித்தட்டுகள் உண்டு. மேல்தட்டு மாமனாருக்கு. நடுத்தட்டு மூத்த மருமகளுக்கு. கீழ்த்தட்டு எனக்கு. இதை ஏதோ இடவசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். வயதுக்குக் கொடுத்த மரியாதை அது! ஓவனுக்குள்ளும் மூப்பு பார்த்து உட்கார வைத்த குடும்பம் உலகத்திலேயே எங்கள் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் என் கேக்கை நான் சும்மா கைபோன போக்கில் நடுத்தட்டில் வைத்துவிட்டேன். ஏதோ மாமனாரின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஹோட்டலில் கேக் பிரிவில் வேலை பார்த்தவள் நான். ஓவனுக்குள் எதை எங்கே வைப்பது என்பது பெரிய வித்தையே இல்லை. சூடு மேலே ஏறிக் கூரையில் முட்டி நிற்கும்; அதனால் மேலே வைத்தது தலை கருகும். அடியில் நெருப்பு, அதனால் கீழே வைத்தது அடி கருகும். நடுவில்தான் சூடு நாலா பக்கமும் ஒரே மாதிரி சுற்றி வரும். கேக்குக்கு அந்த நடு இடம் வேண்டும். ட்ரே சுவரைத் தொடாமல் நாலு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். கறியைச் சுடுவதானால் எல்லாவற்றுக்கும் கீழே வைக்க வேண்டும், சொட்டுவது சொட்டட்டும் என்று. இவ்வளவுதான் விஷயம். இதைத் தலைகீழாக நின்று சொன்னாலும் அந்த வீட்டில் ஒருவர் காதிலும் ஏறாது.

மாமனாரின் ரொட்டி தினமும் தலை கருகித்தான் வெளியே வரும். "நல்ல நிறம் வந்திருக்கு" என்பார். பிறகு காய் துருவும் துருவியை எடுத்து, அந்த நிறத்தை அவரே கரகரவென்று துருவித் தள்ளுவார். கருந்தூள் தரையெல்லாம் பறக்கும், அவர் மீசையிலும் ஒட்டும். மீசையில் ஒட்டியதை நாக்கை நீட்டி நக்கிக்கொள்வார். அதைப் பார்த்த அன்றைக்கெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஓரகத்தி கோழியை ட்ரேயில் வைக்க மாட்டாள். வெறும் கம்பிமேல் மல்லாக்கப் போடுவாள். அப்போதுதான் முதுகும் முறுகலாக வருமாம். கோழி சூடாகச் சூடாகக் கொழுப்பு உருகி ஒழுகும். எங்கே ஒழுகும்? கீழே நான் இருக்கிறேனே, என் கேக் இருக்கிறதே, அதன் தலையில்தான். வெள்ளை வெளேரென்று உப்பி வருகிற கேக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து, விழுந்த இடமெல்லாம் குழியாகி, அந்தக் குழியில் மஞ்சளாக எண்ணெய் தேங்கி நிற்கும். அட கருமமே! ஈயத்தாளால் மூடிப் பார்த்தேன். கேக் வேர்த்துப்போய்ப் பிசுபிசுவென்று வந்தது. நடுவில் ஒரு ட்ரேயைச் செருகிப் பார்த்தேன்.

"எடுடி அதை. சூடு மேல வராம என் கோழி பச்சையா நிக்குது" என்று ஓரகத்தி அதை உருவிப் போட்டாள்.

"உங்க கோழி என் கேக் மேல மூக்கு ஒழுகற மாதிரி ஒழுகுதேக்கா!"

"க்ரீம் பூசித்தானே விக்கற? யாருக்குத் தெரியப்போகுது?"

தெரியத்தான் இல்லை. நான் மேல்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, க்ரீமை அப்பி அனுப்புவேன். வாங்கியவர்கள் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் கையைக் கழுவிக் கழுவி மாளவில்லை. தலைமுடியில், தலையணை உறையில், என் வீட்டுக்காரரின் சட்டைக் காலரில் எல்லாம் அந்த வாடை. எனக்கு அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

வீடும் பார்த்து வைத்திருந்தோம். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறையில் பெரிய ஜன்னல். அதன் கீழே ஒரு சின்ன ஓவனை வைத்தால் எப்படி இருக்கும் என்று நான் அங்கேயே நின்று கையால் அளந்து பார்த்தேன். என் வீட்டுக்காரரும் கூடத்தான் வந்தார். "நிலையா ஒரு ஆர்டர் மட்டும் கிடைக்கட்டும், மறுநாளே வந்துடலாம். சத்தியமா" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

அந்த நிலையான ஆர்டர் தானாகவே தேடி வந்தது. காபிக்கடை நடத்துகிற அம்மாள் ஒருவர், ஹோட்டலில் என் கேக்கைச் சாப்பிட்டவர், விசாரித்து விசாரித்து என் போன் நம்பரைப் பிடித்துவிட்டார். தினமும் கடைக்கு வெறும் கேக் வேண்டுமாம், க்ரீம் எதுவும் கூடாதாம். சனிக்கிழமை காலை வீட்டுக்கே வந்து ருசி பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

க்ரீம் இல்லாத கேக்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மாமனாரிடம் கேட்டேன்.

"மாமா, சனிக்கிழமை காலையில கொஞ்ச நேரம் ஓவனை எனக்கு மட்டும் விட்டுக்குடுங்க. நடுத்தட்டு மட்டும் போதும்."

"இன்னிக்கு நடுத்தட்டு கேப்ப, நாளைக்கு மேல்தட்டு கேப்ப" என்றார்.

"மேல்தட்டை யாரு கேட்டா? சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாம்."

"பாத்தியாடா, உம் பொண்டாட்டி பேசறதை!" என்று மகனைப் பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். "ஒருநாள்தானேப்பா" என்று அவர் முனகினார். மாமனார் கையைக் கழுவிக்கொண்டே, "சரி சரி, விடியறதுக்குள்ள முடிச்சுக்கோ" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஓரகத்தியின் பாத்திரத்தையும் சேர்த்து நானே கழுவி வைத்தேன்.

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். முதலில் ஓவனின் அடியைச் சுரண்டினேன். வழித்துப் போட்டது ஒரு வாளி நிறைய வந்தது. அதைப் பற்றிச் சொல்லி உங்கள் சாப்பாட்டையும் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் உருவி வெளியே சுவரில் சாய்த்தேன். நடுத்தட்டை, பக்கச் சுவரில் தட்டு செருகும் பள்ளங்களில் ஒன்று கீழே இறக்கிச் செருகினேன். தட்டு நடுவில் இருந்தால் போதாது, உப்பி எழுகிற கேக்கின் வயிறு நடுவில் இருக்க வேண்டும். பற்றவைத்து, ஓவன் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தேன். ட்ரேயை வைத்து, நாலு பக்கமும் விரலை விட்டுப் பார்த்துக் கதவைச் சாத்தினேன்.

"தயவுசெஞ்சு யாரும் இதைத் திறந்துடாதீங்க" என்று வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். என் கை முழங்கைவரை கறுப்பாக இருந்தது. அப்படியே போய் ஒருவர் முன் நிற்க முடியுமா? குளிக்கப் போனேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோதே வாடை வந்துவிட்டது. கோழி வாடை!

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மேல்தட்டில் ரொட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தது. நடுத்தட்டில் நாலு கோழிகள் காலை விரித்து மல்லாந்திருந்தன. என் கேக் கீழே, பின்சுவரோடு ஒட்ட அழுத்தித் தள்ளப்பட்டிருந்தது. நான் பார்க்கிறபோதே ஒரு சொட்டு விழுந்து ஸ்ஸ் என்றது.

ஓரகத்தி பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? ஒருநாள், ஒரே ஒருநாள் என்னை விட மாட்டீங்களா? அந்தக் கோழியைக் கட்டிக்கிட்டே அழுங்க!" என்று கத்தினேன்.

"என் மேல எதுக்குடி பாயற?" என்றாள் அவள், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேஸ் எரியுதும்மா. ஒத்தைக் கேக்குக்காக அவ்வளவு பெரிய ஓவனை எரிய விடுவாங்களா?" என்று மாமனார் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார். வாயில் பல் துலக்கும் நுரை.

கேக்கை எடுத்துக் கவிழ்த்தேன். அடி கரி. சுவரைத் தொட்ட பக்கம் எகிறிக் கருகியிருந்தது, முன்பக்கம் அமுங்கிக் கிடந்தது. மேலே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக மஞ்சள். இன்னொன்று போட நேரமில்லை. அடியை வெட்டினேன், பின்பக்கத்தை வெட்டினேன், மேலே வழித்தேன். கொழுப்பு எங்கே வழிக்க வருகிறது? உள்ளேவரை ஊறியிருந்தது. கத்தியை முகர்ந்து பார்த்தேன். குமட்டியது. கேக் சரியாக வரவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்று நான் முடிவு செய்தபோது வாசல் மணி அடித்தது.

நான் முன்னறைக்குப் போய் வாயைத் திறப்பதற்குள் மாமனார் பின்னாலேயே தட்டும் கையுமாக வந்துவிட்டார். மிஞ்சிய நடுப்பாகத்தை அவரே துண்டு போட்டு அடுக்கியிருந்தார். மீசையில் வழக்கம்போல ரொட்டிக் கரி.

"எங்க வீட்டுச் சரக்கு. சாப்பிட்டுட்டுப் பேசுங்க!" என்று அந்த அம்மாளிடம் நீட்டினார்.

"இல்ல, அது இன்னிக்கு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாள் ஒரு வாய் கடித்துவிட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். போச்சு, துப்பப் போகிறார், துப்பினால் நல்லது என்றுதான் நான் நினைத்தேன்.

"என்னம்மா இது!" என்றார். "ஹோட்டல்ல சாப்பிட்டதுல இது இல்லையே! வெண்ணெயை வறுத்துச் சேத்தியா? ஒரு உப்பு, ஒரு மணம்... அடடா!"

அவர் இரண்டாவது துண்டை எடுத்தார்.

"எல்லாம் எங்க ஓவனோட ராசி" என்று மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார். கதவோரம் நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. வீடு கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இரு என்கிற சிரிப்பு. எனக்கும் அந்த ஜன்னல் கண்ணுக்குள் வந்து நின்றது, பொய் சொல்வானேன்.

"தினமும் இதே மாதிரிதான் வேணும். திங்கட்கிழமையே ஆரம்பிச்சுடு" என்றார் அந்த அம்மாள், விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே. "எங்க கடைக்கு வர்றவங்க நிறையப் பேரு கறி தொடாதவங்க. முட்டை மட்டும் பரவாயில்லம்பாங்க. நானும் அப்படித்தான். கறியைச் சின்ன வயசுலயே விட்டாச்சு, அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. அவங்களுக்கெல்லாம் இந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா விடுவாங்களா?"

மாமனார் முகத்தைப் பார்த்தேன். "ஆகா, தாராளமா" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்! என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிரிப்பு போயிருந்தது. ஆனால் உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். அந்த அம்மாளின் கை மூன்றாவது துண்டுக்கு நீண்டது.

"சாப்பிடாதீங்கம்மா" என்றேன். "அதுல கோழிக் கொழுப்பு இருக்கு."

"என்ன?"

"கேக்குக்கு மேல கோழி சுட்டாங்க. ஒழுகி உள்ள எறங்கிடுச்சு. நீங்க சொல்ற அந்த மணம் அதுதான்."

அவர் முகம் எப்படி மாறியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்தார். வாயைப் பொத்திக்கொண்டு வழியில் இருந்த கைகழுவும் தொட்டியைக் கண்டுபிடித்துக் குனிந்தார். குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தார். நான் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். என் கையைத் தட்டிவிட்டார். தண்ணீரை அள்ளி அள்ளி வாய் கொப்பளித்தார். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடியபோது, "மன்னிச்சுடுங்கம்மா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்மேல் தப்பே கிடையாது.

கதவு சாத்தியதுதான் தாமதம், மாமனார் குதித்தார்.

"வாசல்ல வந்த சீதேவியை உதைச்சுத் தள்ளிட்டாளே! அந்தம்மா கேட்டாங்களா உன்னை? சப்புக்கொட்டிச் சாப்பிட்டாங்க இல்ல?"

"அவங்க வாந்தி எடுத்ததைப் பாத்தீங்க இல்ல மாமா?"

"நீ சொன்னதாலதான் எடுத்தாங்க. சொல்லாட்டி ஜீரணம் ஆகியிருக்கும்!"

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? நான் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். எல்லா ஆத்திரமும் ஓரகத்தி மேல் திரும்பியது. "இப்ப நிம்மதியாக்கா? என் குடித்தனத்துல மண்ணைப் போட்டாச்சு இல்ல?"

அவள் பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "இதோ பாரு, வாய்க்கு வந்தபடி பேசாத. நான் கோழியைக் கழுவி அப்படியே வெச்சிருந்தேன். நீ முடிச்சதும் வெக்கலாம்னு உக்காந்திருந்தேன். இழுத்து மாத்தி வெச்சவன் உன் புருஷன். அவனைப் போய்க் கேளு."

நான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"நீங்களா?" என்றேன்.

"அப்பா சத்தம் போட்டாரு" என்றார். "கேஸ் வீணாப் போகுது, எல்லாத்தையும் அது அது இடத்துல எடுத்து வைடான்னாரு. நான் என்ன பண்றது?"

"அந்தக் கேக்கு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். கீழ வெச்சாலும் வேகத்தானே போகுதுன்னு வெச்சேன்."

மாமனார் ஒரு சத்தம் போட்டாராம். அவ்வளவுதான், என் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் எல்லாம் காற்றில் போய்விட்டது. தன் கையால் என் ட்ரேயை இழுத்து, தன் கையால் கோழிக்குக் கீழே தள்ளிவிட்டு, கதவோரம் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இவருக்கு முடிந்திருக்கிறது.

"விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சமாதானம் பேசினார். "இங்க மட்டும் நமக்கு என்ன குறைச்சல்? மூணு வேளை சாப்பாடு, மேல ஃபேன்." பேசிக்கொண்டே தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கடைவாயில் எண்ணெய் மினுங்கியது. அதைப் புறங்கையால் துடைத்துச் சட்டையில் தடவிக்கொண்டார்.

"நல்லாத்தானே இருக்கு!" என்றார்.

கரப்பான் காலைப் பார்த்தபோதும், மாமனார் மீசையை நக்கியபோதும் எனக்கு வந்த அருவருப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்த வாயோடுதான் இத்தனை நாள் ஒரே தலையணையில் படுத்தேனா என்று இருந்தது. தூ!

அன்று மத்தியானமே ஹோட்டலுக்குப் போய்ப் பழைய வேலையைக் கேட்டேன். முன்பிருந்ததைவிடத் தாழ்ந்த வேலையில்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். சரி என்றேன். அங்கிருந்து நேராக அந்த மாடி வீட்டுக்குப் போனேன். வீட்டுச் சொந்தக்கார அம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே படியேறி வந்தார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அவருக்கு அங்கதான் பிடிச்சிருக்கு" என்றேன்.

அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.